சமுதாயக்கூடத்துச் சுவர்

2025 ஜனவரி 5, ஞாயிறு

போதையிலிருந்து மீள்கிறவர்களும் வீட்டாரும் சேர்ந்து சமுதாயக்கூடத்துச் சுவருக்குப் படம் வரையலாம் என்று கூப்பிட்டிருந்தோம். பன்னிரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள், வந்தது ஏழு பேர். நான்கு பேர் குடியை விட்டவர்கள், இரண்டு பேர் இன்னும் குடிக்கிறவர்களின் மனைவிமார், அப்புறம் பெயிண்டில் கலக்கும் தின்னரைப் போதைக்காக முகர்ந்து பழகி மீண்டுவந்த ஒரு பையன். அவனுக்காகவே எனாமல், தின்னர் எதுவும் உள்ளே வரக்கூடாது, தண்ணீரில் கரையும் எமல்ஷனும் அதில் நிறத்துக்குக் கலக்கும் ஸ்டெய்னரும் மட்டும்தான் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம்.

நால்வரில் ஒருவர் அந்தக் காலத்தில் சினிமா பேனர், கட்சிச் சுவர் எல்லாம் எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்ததும் வேலை போய்விட்டது. குடியை விட்டு இன்றோடு 41 நாள். பிரஷ்ஷைக் கையில் வாங்கிவிட்டு ரொம்ப நேரம் சும்மாவே நின்றார். "காலைல ஒரு கட்டிங் போட்டாத்தான் கோடு நேரா வரும்னு இருபது வருஷம் ஓட்டிட்டேம்மா" என்றார். அவர் சொல்வது பொய்யில்லை. உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டால் அது இறங்கும்போதுதான் கை நடுங்கும், ஊற்றினால் அடங்கும், அடங்குவதாலேயே மறுநாளும் ஊற்றத் தோன்றும். இதைத் திமிர் என்றும் ஒழுக்கக்கேடு என்றும் பேசுகிறவர்கள் அந்தக் கையை ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஜனவரி 12

பெயிண்ட் வாங்கித் தருவதாகச் சொன்னவர் வந்தார். சுவரில் ஒரு மண்டையோடு, ஒரு பாட்டில், கீழே 'மது நாட்டுக்கு வீட்டுக்கு உயிருக்குக் கேடு' என்று வரைய வேண்டுமாம். அந்த வாசகத்தைப் பாட்டிலிலேயே அச்சடித்துத்தான் விற்றார்கள், அதைப் படித்துவிட்டுத்தான் இவர்கள் மூடியைத் திருகினார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு அக்கா எழுந்துவிட்டார். "எம் புள்ள தெனமும் இந்த வழியாத்தான் பள்ளிக்கூடம் போவுது சார். அவங்கப்பாவ மண்டையோடா வரைஞ்சு வெச்சா அது எப்படித் தல நிமிந்து போவும்?"

பெயிண்ட் வரவில்லை. ஆளுக்கு ஐம்பது, நூறு என்று போட்டு இரண்டு டப்பா வாங்கினோம்.

ஜனவரி 15, திருவள்ளுவர் தினம்

இன்று டாஸ்மாக் விடுமுறை. நேற்றே வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள் ஒரு பக்கம். கையில் காசும் இல்லாமல், சரக்கும் இல்லாமல் நடுங்கிக்கொண்டு கிடப்பவர்கள் இன்னொரு பக்கம், இவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாத ஆளும் பூச்சியும் கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம். வீட்டில் பூட்டிவைத்துத் திருத்துகிறேன் என்று தயவுசெய்து யாரும் இறங்காதீர்கள், ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்கு அழைக்கலாம், கட்டணமில்லை.

ஜனவரி 19

சாரத்தில் ஏற நிறையப் பேருக்குத் தைரியமில்லை, தெருவே வேடிக்கை பார்க்கும் என்கிற கூச்சம் வேறு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 1984இல் ஜேன் கோல்டன் தொடங்கிய சுவரோவிய இயக்கம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. போதையிலிருந்து மீள்கிறவர்களோடும் அவர்கள் வேலை செய்கிறார்கள். மெல்லிய பாராசூட் துணியில் படத்தின் கோடுகளைப் போட்டு, எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று எண் எழுதி மேசையில் விரித்துவிடுவார்கள், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து தீட்டலாம், கடைசியில் துணியைச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். நாங்கள் காடாத் துணியில் பிரைமர் அடித்து அதையே செய்து பார்த்தோம். உள்சுவர் என்பதால் மழைக் கவலை இல்லை.

என்ன வரைவது என்று ஒரு மணி நேரம் பேச்சு. கடைசியில் சிக்குக் கோலம் என்றார்கள் பெண்கள். புள்ளியை அவர்கள் வைக்க, கம்பியை ஆண்கள் இழுத்தார்கள். நடுங்கிய கோடு நடுங்கியபடியே இருக்கட்டும், மேலே சரிசெய்ய வேண்டாம் என்று ஆர்ட்டிஸ்ட் அண்ணன்தான் சொன்னார். ஐந்து மணிக்கு உட்கார்ந்தவர்கள் எட்டரைக்குத்தான் எழுந்தார்கள். வேலை விட்டு வந்து கடைப் பக்கம் கால் இழுக்கிற நேரமும் அதேதான், எனக்கு அது போதும்.

ஜனவரி 26

அண்ணன் வரவில்லை. நேற்று மாலை குடித்துவிட்டாராம். அவர் வீட்டு அக்கா மட்டும் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அவர் பாதியில் விட்ட துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு தீட்டினார். 61 நாள் வீணாகவில்லை என்று சொல்ல நினைத்தேன், அந்த நேரத்தில் அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

பிப்ரவரி 2

ஆறு மணி இருக்கும். அண்ணன் வாசலில் நிற்கிறார், உள்ளே வரவில்லை. சவரம் செய்த முகம், சுத்தமான சட்டை. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரேதான் கேட்டார்: "என் பிரஷ்ஷக் கழுவி வெச்சீங்களா? எமல்ஷன் காஞ்சிருந்தா போச்சு."

பையன் உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தான். கழுவி, முடி கலையாமல் தாளில் சுற்றி வைத்திருந்தான்.