அறுபதுக்குக் கீழே போகாது

ஜூன் 11, 2024, செவ்வாய்

இன்று பட்டறையில் விழுந்துவிட்டேன். அரியமங்கலத்தில் ஒரு வீட்டுக்கு ஜன்னல் கிரில் வேலை. மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தது வரைக்கும்தான் நினைவிருக்கிறது. கண் திறந்தால் பட்டறைப் பையன் என் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறான். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, "அண்ணே, கரண்ட் புடிச்சிருச்சா?" என்கிறான். வெல்டிங் ஹோல்டர் என் கையிலேயே இல்லை. அது பத்தடி தள்ளித் தரையில் கிடந்தது.

ஒரு வருஷமாகவே இப்படித்தான். நெஞ்சுக்குள் கோழி சிறகடிக்கிற மாதிரி படபடவென்று அடிக்கும். அடித்து ஓயும்போது கண் இருட்டும். போன வருஷம் ஒரு மருத்துவமனையில் காட்டினேன். போன நேரத்தில் இசிஜி நன்றாக இருந்தது, வாயு என்றார்கள். ஆறு மாதம் மோரில் பெருங்காயம் கலந்து குடித்ததுதான் மிச்சம்.

ஜூன் 20, வியாழன்

ஹோல்டர் மானிட்டர் ரிசல்ட் வந்தது. என் தொழிலில் ஹோல்டர் என்றால் ராடு பிடிப்பது. இது 24 மணி நேரம் நெஞ்சில் ஒட்டுப் போட்டு இதயத் துடிப்பை எழுதுகிற பெட்டி. அதிகாரி போல எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறது: ஒரு நேரம் நிமிஷத்துக்கு 148, இன்னொரு நேரம் 38. அதிகாலை 3.10க்கு 5.4 விநாடி ஒன்றுமே இல்லை. வெறும் நேர்கோடு.

டாக்டர் படம் போட்டுக் காட்டினார். இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்று ஒன்று இருக்கிறது. அதுதான் ஜெனரேட்டர். எனக்கு அது பழுது. கூடவே மேலறைகள் அவ்வப்போது ஒழுங்கில்லாமல் நடுங்குகின்றன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். அந்த நடுக்கம் சட்டென்று நிற்கும்போது ஜெனரேட்டர் எடுக்க வேண்டும். என்னுடையது எடுக்க 5 விநாடி யோசிக்கிறது. அந்த யோசனையில்தான் நான் விழுகிறேன்.

வேகத்தைக் குறைக்க மாத்திரை தரலாமே என்றேன். தந்தால் மெதுவாகத் துடிக்கிற நேரம் இன்னும் மெதுவாகிவிடுமாம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இதயம் மெதுவானால் தூண்டித் துடிக்கவைக்கிற பேஸ்மேக்கர் கருவியை வைத்தபிறகுதான் மாத்திரையையே தைரியமாகக் கொடுக்க முடியும் என்றார்.

ஜூலை 6, சனி

வைத்தாயிற்று. வியாழக்கிழமை இடது காறை எலும்புக்குக் கீழே வெட்டினார்கள். மரத்துப்போக ஊசி மட்டும்தான், பேச்சுச் சத்தமெல்லாம் கேட்டது. ரத்தக்குழாய் வழியாக இரண்டு ஒயர் போகிறது, ஒன்று மேலறைக்கு, ஒன்று கீழறைக்கு. நுனியில் சின்னத் திருகு, அதைச் சதையில் திருகி மாட்டுகிறார்கள். திருகு என்று கேட்டதும் எனக்கு ஏனோ நிம்மதி. வெறுமனே ஒட்டி வைத்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

முந்தின நாள் கம்பெனிக்காரர் ஒருவர் மாதிரிக்கு ஒன்று கொண்டுவந்து கையில் கொடுத்தார். டைட்டானியம் கூடு, தீப்பெட்டியைவிடச் சின்னது. எல்லோரும் விலை கேட்பார்களாம், நான் தையலைத் தேடினேன். இரண்டு பாதியும் சேர்கிற இடத்தை விரல் நகத்தால் தடவிப் பார்த்தும் பிடிபடவில்லை. லேசர் வெல்டிங் என்றார். முப்பது வருஷமாக வெல்டு வைக்கிறேன். அப்படி ஒரு தையலை நான் பார்த்ததில்லை.

ஜூலை 15, திங்கள்

இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, ஆறு வாரம். ஒயர் நகர்ந்துவிடுமாம். தூக்கத்தில் தூக்கிவிடுவேனோ என்று பயந்து என் மனைவி ராத்திரி துண்டால் கையை இடுப்போடு கட்டிவிடுகிறாள். சட்டை மாட்டுவதும் அவள்தான்.

பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து, "மெஷின் வச்சாச்சுல்ல, இனிமே கவலையில்ல" என்கிறார்கள். அத்தை மட்டும் உண்மையான கேள்வி கேட்டாள்: "கரண்ட் போச்சுன்னா நின்னுருமாடா?" பாட்டரி அத்தை, வருஷக்கணக்கில் வரும் என்றேன். வாட்சு மாதிரியா என்றாள். ஆமாம் என்று முடித்துக்கொண்டேன்.

பொழுது போகவில்லை. போனில் படித்தேன். (போன் இப்போது வலது பாக்கெட்டில். கருவியிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்க வேண்டும்.) முதல் பேஸ்மேக்கரை உடம்புக்குள் வைத்தது 1958 அக்டோபரில், ஸ்வீடனில். ரூனே எல்ம்க்விஸ்ட் செய்தது, ஆகே சென்னிங் என்ற சர்ஜன் வைத்தது. எப்பாக்சியை ஷூ பாலிஷ் டப்பாவில் ஊற்றி வார்த்திருக்கிறார்கள்! நம் பட்டறைப் புத்திதான். அது சில மணி நேரத்தில் செத்துப்போனது. ஆனால் அதை வைத்துக்கொண்ட ஆர்னே லார்சன் ஒன்று மாற்றி ஒன்றாக இருபதுக்கும் மேல் மாற்றிக்கொண்டு, செய்தவர், வைத்தவர் இருவரும் போன பிறகு, 2001இல் 86 வயதில்தான் போனார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. மேட்டூர் நிரம்பிக் காவிரி இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. மனைவி மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டாள். எனக்கும் வலது மணிக்கட்டில் ஒன்று கட்டினாள். எலுமிச்சைச் சாதம் அதிகம் சாப்பிட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

முதல் செக்கப். நெஞ்சின்மேல் ஒரு வட்டக் கருவியை வைத்தார்கள். எதிரே திரையில் என் இதயம் கோடு கோடாக ஓடியது. "இப்ப வேகத்தைக் கூட்டப்போறேன்" என்றது கருவியை இயக்கிய பெண். கூட்டினாள். உட்கார்ந்த இடத்தில், மாடிப்படி ஏறுகிறவன் மாதிரி நெஞ்சு அடிக்கிறது. ஒருத்தர் விரல் அசைவில் நம் இதயம் ஓடுவதும் நிற்பதும்! கூச்சமாக இருந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது.

கணக்கு: மேலறைத் துடிப்பில் 61 சதவீதம் மெஷின் கொடுத்தது. கீழறைக்கு 2தான். இந்த ஏழு வாரத்தில் நடுக்கம் பதினொரு தடவை வந்திருக்கிறது. நான் உணர்ந்தது நாலோ ஐந்தோ.

அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. இந்த மெஷின் 60க்குக் கீழே விடாது. மேலே போவதை அது தடுக்காது. எனக்குத் தரை போட்டிருக்கிறார்கள், கூரை இன்னும் போடவில்லை. கூரைக்கு மாத்திரை. மாத்திரைக்கும் அடங்காவிட்டால் உள்ளே வயர் விட்டுச் சுடுகிற அப்லேஷன் என்று ஒன்று இருக்கிறது, பிறகு பார்ப்போம் என்றார் டாக்டர். வீட்டில் இதைச் சொன்னால், "அப்ப எதுக்கு இத்தன செலவு?" என்கிறான் மகன். விழாமல் இருக்க, தம்பி.

செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. ராத்திரி ஒன்றரைக்குக் கோழி வந்துவிட்டது. 140. மேலறை நடுங்க ஆரம்பித்ததும் மெஷின் அதன் பின்னால் ஓடுவதை நிறுத்திக்கொள்ளும், மோடு மாறுவது என்பார்கள். ஆனாலும் உடம்பின் சொந்த வழியில் அந்தத் தாறுமாறு கீழே இறங்கத்தான் செய்கிறது. ஊஞ்சலில் உட்கார்ந்து விடியும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு நின்றது. முன்பென்றால் அந்த இடத்தில்தான் கண் இருட்டும். இன்று ஒரு சின்னத் தட்டல், அப்புறம் சீராக ஓடியது. மனைவியை எழுப்பி, "நின்னு, எடுத்துருச்சு" என்றேன். என்னவோ கனவு என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிட்டாள்.

நடுங்குகிற அறையில் ரத்தம் தேங்கி உறைந்தால் அது மூளைக்குப் போய்விடும் என்று, ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுகிற ஐஎன்ஆர் அளவு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரையை ஒருநாள் கூட்டி ஒருநாள் குறைத்தால் அது ஆடும். எங்கள் வீட்டில் முருங்கைக்கீரைக்குக் கிழமை குறித்தாயிற்று.

செப்டம்பர் 26, வியாழன்

தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். ஓயாமரி சுடுகாடு வரைக்கும் போனேன். அங்கே நிற்கும்போது நினைவு வந்தது: என்னை எரிப்பதற்கு முன் இதை எடுத்துவிட வேண்டும். மூடிய பாட்டரி, சூட்டில் வெடிக்கும். வீட்டுக்கு வந்து பேஸ்மேக்கர் அட்டைக்குப் பின்னால் பேனாவால் எழுதி மகனிடம் காட்டினேன். "ஏம்ப்பா இப்படி?" என்று எழுந்து போய்விட்டான். சோறு ஆறிக் கிடந்தது. கேஸ் வெல்டிங் சிலிண்டருக்கு எழுதி வைக்கிற எச்சரிக்கைதான் இது. அவனுக்கு அப்படித் தெரியவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. வெல்டிங் மெஷின், கிரைண்டர், ட்ரில், சுத்தியல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பையன் என் சட்டைப் பக்கம் ஒரு விரலைக் கொண்டுவந்து, "அண்ணே, இதுக்கு?" என்றான். போடா என்றேன். பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டான்.

நவம்பர் 18, திங்கள்

மூன்று மாதமாக டாக்டரை நச்சரித்தது இன்று பலித்தது. வெல்டிங்கில் என்ன ஆபத்து என்றால், அதன் காந்தப்புலத்தை இதயத் துடிப்பு என்று மெஷின் நினைத்துக்கொள்ளும், இதயம்தான் துடிக்கிறதே என்று அது சும்மா இருந்துவிடும். எனக்கு அவர் போட்ட கட்டளை: 130 ஆம்பியரைத் தாண்டாதே. வெல்டு வைக்கிற இடம் நெஞ்சிலிருந்து இரண்டடி. ஹோல்டர் கேபிளும் எர்த் கேபிளும் ஒட்டினாற்போல் போகணும், சுருட்டிப் போடாதே. விட்டுவிட்டு வை. தனியாகச் செய்யாதே. தலை சுற்றினால் அப்படியே விட்டுவிட்டுத் தள்ளிப் போ.

12 கேஜ் ராடுக்கு 80 ஆம்பியர் போதும். அதைவிடத் தடித்த 8 கேஜ் ராடு, கனமான ஆங்கிள் வேலையெல்லாம் இனி எனக்கில்லை. கஷ்டமாக இருந்தது அதுவல்ல. கேபிளை இடது தோளில் போட்டுக்கொண்டு வேலை செய்வது என் பழக்கம். சரியாக மெஷின் மேலேயே விழும். இரண்டு தடவை கை தானாகத் தோளுக்குப் போனது, இரண்டு தடவையும் பையன் கேபிளை இழுத்துக் கீழே போட்டான்.

ஸ்கொயர் பைப் மூலையில் ஒரு டேக், பொட்டு மாதிரி சின்ன வெல்டு. பத்து விநாடி நின்றேன். ஒன்றும் இல்லை. பையன் என் மணிக்கட்டைப் பிடித்து உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தான். இன்னொன்று வைத்தேன். அப்புறம் ஒன்றரை அங்குலத் தையல்.

ஷீல்டைத் தூக்கிப் பார்த்தேன். ஐந்து மாதம் கை விட்டுப்போனதில் தையல் மண்புழு ஊர்ந்த மாதிரி வளைந்து கிடந்தது. "நல்லாருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுப் பையன் கிரைண்டரை எடுத்தான்.