சூறாவளியை நகர்த்துபவர்கள்

அமெச்சூர் நாடகக் குழு ஒன்றில் மேடை மேலாளராக இருக்கிறேன். சம்பளம் இல்லாத பொறுப்பு. ஆனால் சம்பளம் வாங்கிச் செய்த எந்த வேலையும் என்னிடம் இவ்வளவு கவனத்தைக் கேட்டதில்லை. அண்மையில் நாங்கள் மேடையேற்றியது ‘தி விசர்ட் ஆஃப் ஆஸ்’ இசை நாடகம். எல். ஃபிராங்க் பாம் 1900இல் எழுதி வெளியிட்ட கதை 1902இலேயே சிகாகோவில் மேடை ஏறிவிட்டது. ஆனாலும் மக்கள் மனத்தில் நிற்பது 1939ஆம் ஆண்டுத் திரைப்படம்தான். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 1987இல் அரங்கேற்றிய மேடை வடிவமும் அந்தப் படத்தை ஒட்டியே செல்கிறது. எனவே பார்வையாளர்கள் படத்தை நெஞ்சில் சுமந்துகொண்டுதான் இருக்கையில் வந்து அமர்கிறார்கள்.

படத்தில் கதையின் நாயகியான சிறுமி டோரத்தி கதவைத் திறந்ததும் பழுப்பு நிற உலகம் வண்ணமாகிவிடும். மேடையில் அதை எப்படிச் செய்வது? எங்கள் ஒத்திகைகளில் பெரும் பகுதியை இந்தக் கேள்வியே எடுத்துக்கொண்டது. அவளுடைய ஊரான கான்சாஸ் வரும் முதல் காட்சியில் உடை, சாமான், ஒளி எதிலும் பளிச்சென்ற நிறம் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். முதல் காட்சி மங்கலாக இருந்தால்தான் அடுத்தது ஒளிரும். அவளை வீட்டோடு ஆஸ் என்ற மாய நாட்டுக்குத் தூக்கிச் செல்லும் சூறாவளிக்கு நீளமான சாம்பல் நிறத் துணிகளைச் சுழற்றினோம். படத்துக்காகச் செய்த சூறாவளியும் சுமார் 35 அடி நீள மஸ்லின் துணிதான் என்று எங்கள் அரங்க அமைப்பாளரிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது.

துணி அடங்கியதும் முழு இருட்டு. அந்தச் சில நொடிகளில் வீட்டின் முகப்பு மேடைக்கு வர வேண்டும், துணிகள் போக வேண்டும், அந்நாட்டின் குட்டி மனிதர்களான மஞ்ச்கின்களாக நடிக்கும் குழந்தைகள் தம் இடங்களில் குனிந்திருக்க வேண்டும். தரையில் ஒட்டிய ஒளிரும் டேப் மட்டுமே வழிகாட்டி. யார் முதலில் வெளியேறுவது, யார் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதை விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து பார்த்தோம். பிறகு வேகமாக, அதன் பின்னரே இருட்டில். நேரமில்லை என்று இந்த வரிசையைச் சுருக்கச் சொல்பவர்களிடம் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்தப் பிடிவாதத்துக்குப் படத்தின் வரலாறே காரணம். டோரத்தியின் தோழனான தகர மனிதனாக முதலில் நடிக்கத் தொடங்கிய பட்டி எப்சன், ஒப்பனையில் பயன்படுத்திய அலுமினியத் தூளைச் சுவாசித்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருடைய இடத்துக்கு ஜாக் ஹேலி வந்தார். சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டன், தரைக் கதவு வழியே மறையும் காட்சியில் தீக்காயம் பட்டார். முகத்திலிருந்த பச்சைப் பூச்சில் செம்பு கலந்திருந்ததால், வலியோடு வலியாக அதையும் துடைத்தெடுக்க வேண்டியிருந்தது. பெரிய ஸ்டுடியோவிலேயே இப்படி என்றால், மாலையில் அலுவலகத்திலிருந்து நேரே வருகிறவர்களை நம்பி நடக்கும் குழு எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்! எங்கள் தகர மனிதனுக்குத் தூள் கிடையாது. சருமத்துக்கு ஏற்ற வெள்ளி நிறப் பூச்சு மட்டும். சூனியக்காரிக்கு நெருப்பு கிடையாது. சிவப்பு ஒளியும் புகை இயந்திரமும் போதுமானவையாக இருந்தன. முன்வரிசைக் குழந்தைகள் உண்மையாகவே பயந்தார்கள்.

டோரத்தியின் நாய் டோட்டோவுக்கு உண்மையான நாய் வேண்டும் என்று சிலர் ஆசைப்பட்டார்கள். பொம்மலாட்ட நாயையே தேர்ந்தெடுத்தோம். கூட்டமும் கைதட்டலும் விளக்கும் ஒரு பிராணிக்கு எதற்கு? நாடகத்தை மேடையேற்ற உரிமம் தந்தவர்களின் நிபந்தனைப்படி வீடியோ எடுக்கவும் அனுமதி இல்லை. பெற்றோர்களிடம் அதைச் சொல்வது கடினமாக இருந்தாலும் அது நியாயமான விதி என்றே நினைக்கிறேன்.

நாடகம் நடக்கும்போது குறிப்பேடும் ஹெட்செட்டுமாக மேடையின் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பேன். ஒளி, ஒலி, காட்சி மாற்றம் எல்லாம் என் குரலுக்குக் காத்திருக்கும். முன்கூட்டியே ‘தயார்’ என்று எச்சரித்து, இசையின் சரியான அடியில் ஆணை கொடுக்க வேண்டும். வீட்டுக் கதவு திறப்பதற்கு முன் ஒளி வந்துவிட்டால் மாயம் போயிற்று. பின்னால் வந்தாலும் போயிற்று. கதவின் பின்னால் நின்று அதைத் திறப்பவர் பகலில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர். அவர் பெயரைப் பார்வையாளர்கள் நிகழ்ச்சித் தாளில் தேடிப் படிக்கப் போவதில்லை. அரங்கமே ‘ஆ’ என்று மூச்சிழுக்கும் அந்தக் கணம் அவருடைய கையில்தான் இருந்தது. நாடகம் நடந்த ஒவ்வொரு முறையும் அவர் அதைச் சரியாகச் செய்தார். அடுத்த நாடகத்துக்கும் முதலில் அவரைத்தான் கேட்டிருக்கிறேன்.