மோர்மிளகாயும் மாடலுக்குள்ள இருக்கற மண்ணும்

போன ஜூலைல ஒரு நாள், மொட்டைமாடில மோர்மிளகாய் காயப்போட்டுட்டு வந்த அம்மா "இன்னிக்கு மழை வருமாடா, உன் கம்ப்யூட்டர் என்ன சொல்லுது"ன்னு கேட்டாங்க. காலைல டபிள்யூஆர்எஃப்ங்கற வானிலை கணிக்கற மாடல ஓட்டி வச்சிருந்தேன், அதுல மழை அரக்கோணம் பக்கத்தோட நின்னுடுது, சென்னைக்குள்ள வரல, அதனால வராதும்மான்னு தெம்பா சொல்லிட்டேன். ஏழரைக்கு இடியோட கொட்டுச்சு. மிளகாய் ஊறிப்போச்சு.

கடுப்புல அன்னிக்கு ராத்திரியே அதே டேட்டாவ வச்சு திரும்ப ஓட்டினேன், வேற எதையும் தொடல, மண்ண மாடல் எப்படி கணக்கு போடணும்ங்கற ஆப்ஷன் மட்டும் மாத்தினேன், இதத்தான் ஸ்கீம்னு சொல்வாங்க. முன்னாடி இருந்தது பழைய அஞ்சு லேயர் ஸ்கீம், அதுல மண்ணோட சூடு மட்டும்தான் மாறும், ஈரம் மாறாது. இது வயல், இது கோடைன்னு ஒரு டேபிள பாத்து ஒரு நம்பர எடுத்துக்கும், முந்தின நாள் அங்க ஆலங்கட்டியே விழுந்திருந்தாலும் அதுக்கு தெரியாது. புதுசா போட்ட நோவாங்கற ஸ்கீம்ல 2 மீட்டர் ஆழத்துக்கு 4 லேயர், 10, 30, 60, 100 செ.மீ.ன்னு, வேர் தண்ணி உறிஞ்சி இலை வழியா விடறதும் கணக்குல வரும். இப்ப மழை சிட்டிக்குள்ள வந்துச்சு, ஆனா ரெண்டு மணி நேரம் லேட்டு. அதோட அடுத்த வெர்ஷன் நோவா-எம்பி போட்டேன், அது செங்கல்பட்டு பக்கம் போய் பெய்யுது!

ஈர மண்ணுன்னா நிறைய மழைன்னு நினைப்போம்ல, அப்படி இல்ல. வெயிலோட சக்தி தண்ணிய ஆவியாக்கவே செலவாயிடும், காத்துல ஈரம் ஏறும் ஆனா சூடு பத்தாது. காஞ்ச மண்ணுல தரை கொதிச்சு காத்து நல்லா மேல எழும்பும், கடல்காத்தும் வேகமா உள்ள வரும், ஆனா மேகத்துக்கு ஈரம் பத்தாம போகலாம். எது ஜெயிக்கும்ங்கறது அன்னிக்கு மேல காத்து எப்படி இருக்குங்கறத பொறுத்தது.

இன்னொரு கூத்து, எது வயல், எது ஊருன்னு மாடலுக்கு சொல்ற நில மேப். அமெரிக்க அரசோட யுஎஸ்ஜிஎஸ் அமைப்பு குடுத்த பழைய மேப் 1992-93 சாட்டிலைட் டேட்டால போட்டது, அத வச்சு ஓட்டினா ஓஎம்ஆர்ல ஐடி கம்பெனி நிக்கற இடத்துல மாடல் இன்னும் நாத்து நட்டுட்டு இருக்கும்.

ஒரு நாள் ரன்ன வச்சு நோவாதான் பெஸ்ட்னு நான் சொல்ல மாட்டேன். நவம்பர்ல புயல் வந்தா இந்த மண்ணு கதை பெருசா எடுபடாது, அங்க கடல்தான் பெரியாளு. இந்த மாதிரி கோடை இடிமழைலதான் தரை ஆட்டம் காட்டும்.

இன்னிக்கும் மூணு ஸ்கீமும் ஓட்டினேன், ரெண்டுல மழை, ஒண்ணுல இல்ல. மிளகாய நாலு மணிக்கே உள்ள எடுத்து வச்சுட்டேன்.