லாயல்டி போனஸ் கேட்கப் போகிறவர்களுக்கு

காவேரிப்பட்டணத்துப் பக்கம் வீட்டு வாசலில் எந்தக் கம்பெனி வண்டி நிற்கிறதோ, அடுத்து எடுப்பதும் பெரும்பாலும் அதேதான். 1980-இல் டிவிஎஸ் 50 வந்த காலத்திலிருந்து அந்த ஓசூர்க் கம்பெனி வண்டியை விடாத மாங்காய் மண்டிக்காரர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். இப்படித் திரும்பி வருகிறவர்களுக்குப் பல ஷோரூம்களில் லாயல்டி போனஸ் உண்டு. கேட்காவிட்டால் கிடைக்காது.

தங்கச்சி வீட்டுக்காரருக்கு வண்டி பார்க்கக் கிருஷ்ணகிரி போனோம். கொட்டேஷனில் எக்ஸ்சேஞ்ச் போனஸ் 3,000 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பழைய வண்டிக்கு அவர்கள் போட்ட விலை 18,000. அதே வண்டியை வெளியில் ஒருவர் 22,000-க்குக் கேட்டிருந்தார்.

"மச்சான், மூவாயிரம் சும்மா தர்றாங்களே" என்றார்.

"போனஸோட சேர்த்தாலும் இருபத்தோராயிரம்தான் மாப்ள. வெளியிலயே குடுத்துடலாம்."

எக்ஸ்சேஞ்ச் என்பது பழைய வண்டியை ஷோரூமிலேயே கொடுப்பதற்கு, லாயல்டி என்பது அதே கம்பெனி வண்டியைத் திரும்ப எடுப்பதற்கு. இரண்டும் வேறு. பழைய ஆர்சி நகலை நீட்டி லாயல்டியை மட்டும் தனியாகக் கேட்டோம். சேல்ஸ் பையன் உள்ளே போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்து 2,000 குறைத்தான். நல்ல பையன், முகம் சுளிக்கவில்லை. ஹெல்மெட்டையும் சலுகையில் எழுதியிருந்தார்கள். வண்டியோடு ஐஎஸ்ஐ ஹெல்மெட் தர வேண்டும் என்று மோட்டார் வாகன விதி 138 சொல்கிறது, அது சலுகையே இல்லை என்றேன். அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய தள்ளுபடி ஒன்று இருக்கிறது, நோ கிளெய்ம் போனஸ். ஷோரூமில் யாரும் வாயே திறக்கவில்லை. முழு இன்சூரன்ஸ் போட்டுத் தொடர்ந்து 5 வருஷம் கிளெய்ம் வாங்காதவருக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் குறையும். முதல் வருஷத்துக்கே 20 சதவீதம். அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் போட்டவர்களுக்கு இது கிடையாது. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்தது அத்தனையும் போய்விடும்.

இந்த போனஸ் வண்டிக்கு உரியதல்ல, வண்டிக்காரருக்கு உரியது. பழைய வண்டியை விற்று, படிவம் 29, 30 கொடுத்து ஆர்சியில் பெயர் மாற்றியதும், பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இதற்கான கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். 3 வருஷம் செல்லும். புது வண்டிக்கு இன்சூரன்ஸ் ஷோரூமில்தான் போட வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. புக் பண்ணி டெலிவரிக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே பெயர் மாற்றத்தை முடித்துவிட்டால், முதல் பிரீமியத்திலேயே கழித்துக்கொள்ளலாம்.