நாடா எண்ணோடு போன விண்ணப்பம்

ஆய்வு உதவித்தொகை கேட்டு முதல் தடவை நான் போட்ட விண்ணப்பம் ஒரே வரிப் பதிலோடு திரும்பி வந்தது. தப்பு என்னுடையதுதான். 'அப்பலாச்சிய நாட்டார் இசை' என்று தலைப்பு வைத்திருந்தேன். அமெரிக்காவின் கிழக்கே நீளும் அத்தனை பெரிய மலைத்தொடரை ஆறே மாதத்தில் அளந்துவிடுவேன் என்றால் யார் பணம் தருவார்கள்?

மறுவருஷம் ஒரே ஒரு பாட்டு முறையைப் பிடித்துக்கொண்டேன். அந்த மலைப் பகுதியில் இருக்கும் கென்டக்கி மாநிலத்தின் தென்கிழக்கே, ஓல்ட் ரெகுலர் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைகளில் வாத்தியம் கிடையாது. ஒருவர் பாட்டின் ஓர் அடியைச் சட்டென்று எடுத்துக் கொடுப்பார். சபை அதை வாங்கி இழுத்து இழுத்துப் பாடும். நம்மூர் பஜனை மாதிரிதானே என்று தாளம் போடப் பார்த்தேன். தொடையில் விழ வேண்டிய கை அந்தரத்திலேயே நின்றது.

அதே மாநிலத்தில் லெக்சிங்டன் நகரத்துக்குத் தெற்கே பெரீயா கல்லூரி இருக்கிறது. மாணவர்களிடம் கல்விக் கட்டணமே வாங்காத கல்லூரி. தங்கள் அப்பலாச்சிய ஒலிக் காப்பகத்தில் வந்து ஆய்வு செய்பவர்களுக்கு உதவித்தொகையும் தருகிறார்கள். படிவத்தைத் தொடும் முன் காப்பகத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். எந்தப் பதிவை இணையத்திலேயே கேட்கலாம், எதை நேரில் வந்து கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. அதைப் பார்த்த பிறகு நான் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத் தத்துவத்தைத் தூக்கிப் போட்டேன். காப்பகத்து ஒலிநாடாவின் எண், அதில் எந்தப் பாட்டு, அதில் எதற்காகக் காது கொடுக்கப் போகிறேன், அவ்வளவுதான் எழுதினேன். 'உட்கார்ந்த இடத்திலேயே கேட்கக் கூடாதா?' என்ற கேள்விக்கு அதிலேயே பதில் இருந்தது. உதவித்தொகை கிடைத்தது.

பாடுகிறவர்களையும் பேட்டி காண ஆசை. அதற்கு என் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஒப்புதல் படிவத்தை மூன்று தரம் திருத்தினேன். இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பட்ஜெட்டில்தான் சறுக்கினேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மலைச் சபைகளுக்குப் போக பஸ் இருக்கும் என்று எப்படி நினைத்தேனோ! போதாததற்கு வரி. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு வரும் உதவித்தொகையில் கல்விக் கட்டணம், புத்தகம் போக, தங்கவும் சாப்பிடவும் தரும் பணத்தில் 14 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். கையில் வரும் தொகையை வைத்துக் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அடுத்த ஏப்ரலில் வெளிநாட்டவருக்கான வருமான வரிப் படிவமான 1040-என்ஆர் போட்டதில், பிடித்த வரியில் கொஞ்சம் திரும்பி வந்தது. டாக்சிக்குக் கொடுத்தது போனதுதான்.