பேட்டை ஐடிஐயில் சேர்வது முதல் முதல் சம்பளம் வரை

திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளிலிருந்து பிள்ளைகளை ஐடிஐ என்னும் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அனுப்பும்போது அவர்கள் கைநழுவிப் போவது இரண்டு இடங்களில்தான்: சேருவதற்கு முந்தைய காகித வேலையில், பிறகு வேலைக்குப் போன முதல் மாதத்தில். பட்டறைக்குள் வந்துவிட்ட பிள்ளை பெரும்பாலும் படிப்பை முடித்துவிடுகிறது.

காகிதத்தில் முதல் சிக்கல் இனிஷியல். மதிப்பெண் சான்றிதழில் ‘செல்வி மு’, ஆதாரில் ‘செல்வி முருகன்’, வங்கிப் புத்தகத்தில் வெறும் ‘செல்வி’. பள்ளியில் படிக்கும்வரை இது யாருக்கும் உறுத்தாது, வேலையில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பதிவின்போது கழுத்தைப் பிடிக்கும். மதிப்பெண் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறை, பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்ற முடியும் என்பதால் அவசரப்பட்டு ஒன்றைப் போட்டுவிடக் கூடாது. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் இ-சேவை மையத்தில் தலா 60 ரூபாய். விஏஓ, ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மேசை மேசையாகப் போய் வர நாள் பிடிக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு போட்டுவிடுங்கள், முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் சேர்க்கை முந்திக்கொள்ளும்.

அடுத்தது வங்கிக் கணக்கு. அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையானால் புதுமைப் பெண் (பெண்களுக்கு) அல்லது தமிழ்ப் புதல்வன் (ஆண்களுக்கு) திட்டம் வழியாக மாதம் இன்னும் 1,000. ஆனால் வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, மானியம் வந்துசேர ஆதாரைக் கணக்கோடு இணைத்திருப்பது வேறு. இரண்டாவதைத்தான் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாத பழைய கணக்கு முடங்கியிருக்கும், அதையும் பாருங்கள்.

பிரிவைத் தேர்ந்தெடுப்பதில் எங்கள் கருத்து இது. எட்டாம் வகுப்புதான் என்றாலும் வெல்டர், ஒயர்மேன் கிடைக்கும். வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது என்றால் ஓராண்டு வெல்டர் நல்லது. பத்து முடித்து இரண்டு ஆண்டுப் பிரிவில் சேர்ந்தால் பிறகு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். தாங்க முடிந்த வீடு அதை விடக் கூடாது.

இனி வேலை. பீடிக் கூலி வாரக்கூலி. கம்பெனிச் சம்பளம் மாதம் முடிந்து அடுத்த மாதம் ஏழாம் தேதி வாக்கில்தான் வரும். 1-ஆம் தேதி சேர்ந்தவருக்கே ஐந்து வாரத்துக்கு மேல் கையில் காசு இல்லாமல் ஓட்ட வேண்டியிருக்கும். அந்த இடைவெளிக்குச் சாப்பாடு, அறை வாடகை, பஸ் செலவு என்று 5,000 ரூபாயாவது முன்கூட்டியே ஒதுக்கிக் கொடுத்தால்தான் பிள்ளை நிலைக்கும். மகளிர் குழுக் கடன் வாங்குவதென்றால் சேர்ந்த பிறகு ஓடுவதைவிட அதற்கு முன்பே வாங்கி வையுங்கள்.

“பதிமூணுன்னு சொன்னாவ, பதினொண்ணுதான் வந்திருக்கு, ஏமாத்திட்டாவ” என்று தாய்மார் சொல்வது வழக்கம். வேலைக்குச் சேரும் முன்பே கணக்கைப் போட்டுக் காட்டிவிட வேண்டும். 13,000 முழுவதற்கும் பி.எஃப். பிடித்தால் 12 சதவீதம் 1,560, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 98. கைக்கு 11,342. பிடித்தம் வீணாகவில்லை, ஒன்று சேமிப்பு, மற்றது வைத்தியம் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். ‘அப்ரண்டிஸ்’ என்று கடிதத்தில் இருந்தால் இரண்டும் கிடையாது, அது வேலை ஆகாது, பயிற்சிதான். காலம் முடிந்ததும் வேலைக்கு எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை என்றால் கம்பெனி பஸ் எங்கே ஏற்றுகிறது என்பதைச் சம்பளத்துக்கு முன்னால் விசாரியுங்கள். காலை 6 மணி ஷிஃப்டுக்கு முக்கூடலிலிருந்து தினம் போய்வர முடியாது, திருநெல்வேலி டவுனிலோ தச்சநல்லூரிலோ தங்க இடம் பார்த்தாக வேண்டும்.

வேலை மாறினால் பழைய யுஏஎன் எண்ணையே (பி.எஃப். கணக்குகளை அடையாளம் காட்டும் எண்) கொடுக்கச் சொல்லுங்கள். சான்றிதழ் அசலைக் கேட்டால் காட்டிவிட்டு, நகலைக் கொடுத்துவிட்டு, அசலைக் கையோடு திரும்ப வாங்கி வர வேண்டும்.