அல்லி கண் விழிக்கும் காட்சி

காசிமேட்டில் எங்கள் பிள்ளைகளை வைத்து ‘அல்லி அர்ஜுனா’ போடலாம் என்று முடிவானதே பபூன் வேஷத்துக்காகத்தான். அதற்கென்றே பிறந்த பையன் ஒருத்தன் இருந்தான்.

கதை தெரிந்ததுதான். மதுரையை ஆளும் அல்லிக்குக் கல்யாணமே வேண்டாம். கண்ணன் கொடுத்த யோசனையில் அர்ஜுனன் பாம்பாக உள்ளே நுழைந்து, தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டிவிடுகிறான். நான் பார்த்த நாடகங்களில் அந்த இடத்தில் பபூன் ஏதாவது சொல்வார், ஜனம் சிரிக்கும், முடிந்தது. விடிந்ததும் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? 1918-ல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவில் பையன்கள்தான் பெண் வேஷம் கட்டினார்கள். வால்டாக்ஸ் ரோட்டில் ஒற்றைவாடை நாடகக் கொட்டகை இருந்த பக்கம் போனால் எனக்கு அந்தப் பையன் அல்லிகள் நினைவுக்கு வருவார்கள்.

சரி, நாமே எழுதுவோம் என்று இரண்டு பக்க வசனம் எழுதினேன். நீதி, உரிமை எல்லாம் வந்தது. அல்லியாக நடித்த பிளஸ் டூ பெண் மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, தூங்கி எழுந்தவ இவ்ளோ பேசுவாளா?” என்றாள். கோபம்தான் வந்தது எனக்கு. பதில் வரவில்லை.

ஒத்திகை நடந்த மொட்டை மாடியில் வீட்டுக்கார ஆயா கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். மீன் விற்றுக் காய்ந்த கை. “கழுத்துல இன்னாமோ உறுத்துதேன்னு தொட்டுப் பாப்பா. கயிறுன்னு தெரிஞ்சதும் மொதல்ல கதவத்தான் பாப்பா, தாப்பா போட்டுதானே படுத்தோம்னு” என்றார், காக்காயை விரட்டிக்கொண்டே.

இரண்டு பக்கத்தையும் கிழித்தேன். அவள் கழுத்தைத் தொடுகிறாள், கதவைப் பார்க்கிறாள். ஹார்மோனியம் கிடையாது. அப்புறம் ஒரு தர்க்கப் பாட்டு, அர்ஜுனனோடு இல்லை, கண்ணனோடு. வழி சொல்லிக் கொடுத்தவன் அவன்தானே! விருத்தத்தில் எதுகை இடித்த இடங்களை ஹார்மோனியக்காரர் திட்டிக்கொண்டே சரிசெய்தார்.

தெருமுனையில் போட்டோம். கதவைப் பார்க்கும் இடத்தில் பபூன் பையன் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தான். முன்வரிசைப் பெண்கள் “சும்மா இர்றா” என்று அடக்கினார்கள்.

அர்ஜுனனின் அம்மா மட்டும் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. “எம்புள்ளையத் திருடனாக்கிட்டியே.” அவனோ, அடுத்த நாடகத்தில் பீமன் வேஷம்தான் வேண்டும் என்று நிற்கிறான்.